ஒரு குழாய், இரண்டு பம்பு

1970 ஜூலை 5

காலையில் ராஜவேலு அண்ணன் வந்தார். காலனிச் சங்கத்தின் செயலாளர். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தோம் என்று காட்ட, சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கிறார்களாம்.

"உங்க நைனா எடுத்த ரங்கூன் போட்டோல்லாம் பத்திரமா வச்சிக்கினு இருக்கியாமே, குடும்மா" என்றார்.

ரங்கூனில் அப்பாவின் ஸ்டுடியோவுக்குப் பக்கத்து வீடு அவருடையது. அப்போது எங்கள் வீட்டு மீன்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். இன்று வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன், நேரமாயிடுச்சு என்றார். தண்ணீர் கொண்டுவந்தேன், இப்பத்தான் குடிச்சேன் என்றார்.

ஜூலை 6

படங்களைப் பாயில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றில் ரங்கூன் தெருக்குழாய். என் அம்மாவும், இப்போது இங்கே அடுத்த தெருவில் இருக்கும் கனகாம்பாளும் குடத்தோடு குடம் இடிக்க நின்று சிரிக்கிறார்கள்.

அங்கே சாதி இல்லை என்று பொய் எழுத மாட்டேன். தேர்த்திருவிழாவில் எங்கள் ஆட்களை வடம் தொட விட்டதில்லை. ஆனால் குழாயடியில் தள்ளி நில் என்று யாரும் சொன்னதில்லை. எல்லோரும் ஒரே கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டுதான் வந்து இறங்கினோம். இங்கே குடிவந்த இரண்டாம் வருடமே, அடிபம்பில் எங்கள் தெருக்காரர்கள் கை வைக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. முதலில் சொன்னது யார்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன் — ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 19

அடிபம்பைப் படம் எடுத்துவிட்டேன். ஒளிந்து நின்று எடுக்கவில்லை, பம்புக்கு எதிரிலேயே நின்று அப்பாவின் கேமராவில். கனகாம்பாள் சொம்பால் மொண்டு, கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுகிறார். எங்கள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அக்கா குனிந்து குடத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறார். கேமராவைப் பார்த்ததும் கனகாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான்.

மாலையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரங்கூன் குழாய்ப் படத்தையும் இதையும் பொருட்காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப் போகிறேன் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? மில்லுல எனுக்கு மேஸ்திரி யாரு? கனகாம்பா தம்பி. ஊட்ல அடுப்பு எரிய வேணாமா?"

பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

பொன்னேரி ஸ்டுடியோவில் இரண்டு படங்களையும் பெரிதாகப் போட்டு வாங்கிவந்தேன். ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 15

மாட்டிவிட்டேன். ராஜவேலு அண்ணன் பார்த்தபோது, பொருட்காட்சியைப் பார்க்க வரும் தாலுகா அதிகாரியின் ஜீப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது. "இன்னாம்மா பண்ணி வச்சிக்கினு இருக்கே?" என்று பல்லைக் கடித்தார். கழற்ற நேரமில்லை.

அதிகாரி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இது எந்த ஊர் என்றார். "இந்த ஊருதான், நம்ம காலனி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். போய்விட்டார்.

பிறகு கனகாம்பாள் வந்தார். சண்டை போடுவார் என்று எண்ணி வாயில் ஆயிரம் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் படத்தருகே குனிந்து பார்த்தார்.

"மூக்குத்திகூட தெரியுது பாரேன்! சந்திரகலா, இந்தப் படத்துல எனுக்கும் ஒரு காப்பி போட்டுக் குடேன்."

வெட்கம் இல்லை, கோபம்கூட இல்லை. அந்தப் படத்தில் தப்பு என்று ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. என்ன செய்வேன் நான்?

ஆகஸ்ட் 17

குப்பம்மாள் அக்கா முகம் கொடுக்கவில்லை. வலியப் போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"நான் தண்ணிக்குக் குனிஞ்சிக்கினு நிக்கிறத ஊரே வந்து வேடிக்க பாக்கணுமா? அவ மூக்குத்தியப் பாக்குறா. எல்லாரும் என் கிழிஞ்ச ரவிக்கையப் பாக்குறாங்க. என்னிய ஒரு வார்த்த கேட்டியாடி?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை எனக்கு.

செப்டம்பர் 3

இவரை மேஸ்திரி மில்லில் உலைப்பக்கம் மாற்றிவிட்டார். கையெல்லாம் கொப்புளம். "நான் சொன்னேன்ல" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்.

டிசம்பர் 12

எங்கள் தெருவுக்குத் தனியாக ஒரு பம்பு போடப் போகிறார்களாம். அந்த அதிகாரியின் உத்தரவு. ராஜவேலு அண்ணன் சந்தோஷமாக வந்து சொன்னார்: "உன் போட்டோவாலதாம்மா கெடச்சுது. இனிமே யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு."

தனி பம்பா கேட்டேன்? கையை வைக்கவிடு என்றுதானே —

இதை யாரிடம் போய்ச் சொல்வது? தெருவே சிரித்துக்கொண்டிருக்கிறது.

1971 ஜனவரி 26

பம்பைத் திறந்துவைத்தார்கள். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். என்னைப் படம் எடுக்கச் சொன்னார்கள். பிலிம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது.

குப்பம்மாள் அக்கா முதல் குடத்தைத் தானே அடித்து நிரப்பினார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே எவகிட்டயும் குனிய வேணாம்டி" என்றார்.

மே 2

புது பம்பில் காற்றுதான் வருகிறது. ஆழம் போதாது என்கிறார்கள்.

மே 4

பழைய பம்புக்குப் போனோம். வழக்கம்போலத் தள்ளித்தான் நின்றோம், குடத்தை ஏந்திக்கொண்டு. கனகாம்பாள் சொம்பை எடுக்கவில்லை.

"உங்களுக்குத்தான் தனியா போட்டுக் குடுத்தாங்களே, இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார். ராஜவேலு அண்ணனும் அங்கேதான் இருந்தார். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மே 23

இப்போதெல்லாம் ரயில் ஸ்டேஷன் குழாயில்தான் பிடிக்கிறோம். விடிந்ததும் தெருப் பெண்கள் எல்லோரும் கிளம்புகிறோம், குப்பம்மாள் அக்கா முன்னால். பழைய பம்பைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் வாரம் அங்கிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை. நாங்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.