அவள் பேசும் நேரம்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று இடது கையால்தான் துணி தேய்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. சலவைக்கடையில் கூட வேலை பார்ப்பவள் என்னவென்று கேட்டாள். படியில் விழுந்தேன் என்றேன்.

"உங்க வீட்டுப் படிக்கு உங்க மேல அப்படி என்னதான் கோவமோ," என்றாள்.

சிரித்து வைத்தேன். பெற்ற மகள், பதினாறு வயது, என் கைமேல் கதவை அறைந்தாள் என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 17, செவ்வாய்

மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. கோபத்தில் கை நீட்டும் பிள்ளைகளுக்கு, உட்கார வைத்துப் பேசுவது உதவுமா என்று சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு வாராவாரம் பேச்சு. மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யாருக்கு எது என்பது குலுக்கல். என் மகளுக்குப் பேச்சு விழுந்தது.

"நான் என்ன எலியா?" என்றாள். ஆனாலும் சம்மதித்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாள்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றாவது வாரம். அவளும் அவளோடு பேசும் ஆலோசகரும் உள்ளே. நான் வெளியே நடையில், நாற்காலியில். திடீரென்று உள்ளே சிரிப்புச் சத்தம். என் மகளுடையதுதான். அடையாளம் தெரிய எனக்கே ஒரு நொடி ஆயிற்று.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன், "என்னம்மா பேசினீங்க?"

"உனக்கெதுக்கு?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொறாமையா எனக்கு? ஆமாம். பெத்தவ நான் வெளிய உக்காந்து சுவத்தப் பாக்குறேன். நேத்து வந்தவகிட்ட இவ சிரிச்சுப் பேசுறா.

மார்ச் 15, ஞாயிறு

தங்கை இன்றும் ஃபோனை எடுக்கவில்லை. அவள் பிள்ளையை என் மகள் அடித்ததிலிருந்து இப்படித்தான். சமைத்தேன். தன் அறையில் மகள், அடுப்படியில் நான். சாப்பிட்டோம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஆலோசகர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். என்னை விடச் சின்னவர். "உங்க பொண்ணு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்றார்.

மகள் தரையைப் பார்த்தபடி அவரிடம்தான் சொன்னாள். "தட்டு எடுக்கக் கையைத் தூக்கினாக்கூட அம்மா பின்னாடி நகர்றாங்க. நான் என்ன பேயா? அதப் பாத்தாதான் எனக்கு இன்னும் வெறி வருது."

நகர்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

"வேணும்னு செய்யலடி."

"தெரியும். அதான் தாங்க முடியல."

ஏப்ரல் 8, புதன்

உடம்பு தானாக நகர்ந்தால் நான் என்ன செய்ய? யாரிடம் கேட்பது? எனக்கென்று வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க அங்கே ஆள் இல்லை.

மே 12, செவ்வாய்

கடைசி நாள். ஆய்வில் இவ்வளவுதானாம்.

"இது பிள்ளைங்களுக்கு உதவுதான்னு எங்களுக்கே இனிமேதான் தெரியும்," என்றார் ஆலோசகர். "உங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும்."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இனி யாரிடம் பேசுவாள்?

மே 16, சனி

காலையில் அவளாகவே மருத்துவமனைக்கு ஃபோன் செய்திருக்கிறாள், ஆலோசகரிடம் பேச. முடியாது, ஆய்வு முடிந்துவிட்டது என்றிருக்கிறார்கள். ஃபோன் கட்டிலில் போய் விழுந்தது. நான் அவள் அறை வாசலில் நின்றேன். கால் பின்னால் போகப் பார்த்தது - இந்த முறை எனக்கே தெரிந்தது.

"அம்மா, நான் கத்தப் போறேன். உன்னப் பாத்து இல்ல. போயிடாத."

போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். அப்படியொரு சத்தம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

"ஏதாவது பிரச்சினையாம்மா?"

"என் பொண்ணுதாங்க கத்துறா," என்றேன். "மனசு சரியில்ல அவளுக்கு."

அவர் என்ன நினைத்தாரோ, தலையாட்டிவிட்டு இறங்கினார். நான் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தம் நின்றிருந்தது.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள்.