மாரி நடந்து காட்டினான்

1943 ஆவணி, வியாழக்கிழமை. லூனாஸ் ரப்பர்த் தோட்டம்.

தூக்கம் வரவில்லை. இன்று மாரியைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜப்பான் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்ததில், பேச்சும் போய், வலது காலும் விளங்காமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவன் மாரி. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸரான எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் தீர்ந்த பிறகு, அவனையும் தலையில் அடிபட்ட பாலையாவையும் பழைய ரப்பர்ப் புகைக்கூடத்துக்கு மாற்றினேன். அவர்களுடைய மனைவிமாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மூங்கிலைப் பிடித்து நடக்கவும் பேர் சொல்லிப் பேசவும் பழக்கினேன்.

ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் ஜப்பான் அதிகாரி இன்று காலையில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியோடு அங்கே வந்தான். "ரெண்டு பேரும் சீக்காளிங்க, எந்திரிக்க மாட்டாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மாரி எழுந்தான். மூங்கிலைத் தொடாமல் என்னிடம் நடந்து வந்து, "மாரி" என்று தன் பேரைச் சொன்னான். நான் பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துச் சிரித்தான்.

படுத்தே கிடந்த பாலையாவை விட்டுவிட்டு அவனை மட்டும் லாரியில் ஏற்றியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அவன் மனைவி அஞ்சலை என்னைத் திட்டவில்லை. "படுத்தே கெடந்திருந்தா எங்கிட்டயே இருந்திருப்பாருல்ல, ஐயா" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் பாலையாவின் மனைவி, "நாளைக்கி இவர நடக்க வைக்கணுமா, ஐயா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு பழக்கும்படியும், லாரி சத்தம் கேட்டால் படுத்துக்கொள்ள அவனுக்குச் சொல்லி வைக்கும்படியும் சொன்னேன். அவள் அங்கேயே அவனிடம் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

சற்று நேரத்தில் வெளியே ஒரு லாரி போனது. போவது யாரென்று பார்க்க, பாலையா எழுந்து வாசலுக்கு நடந்தான்.