வெள்ளைக்கல் மலையில் கிப்லா எந்தப் பக்கம்

786
அல் குசைஸ், துபாய்
8-6-2006

அன்பு மகள் ஜொஹராவுக்கு உம்மா துஆவுடன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய ரஹ்மத்தால் இந்த வீட்டில் எல்லோரும் வேளைக்குத் தொழுது வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பிள்ளை ஹிஃப்ஸாவும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் கூடப்பிறந்த காக்கா ஈசாவின் மூத்தவன் மீராசா இன்ஜினியரிங் முடித்து அபுதாபியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், முதல் சம்பளத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொடுத்தான், அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இளையவள் மாஹிரா வகுப்பில் முதலாவதாக வந்ததோடு பள்ளிக்கூடக் கண்காட்சியில் பூகோளத்துக்கு முதல் பரிசும் வாங்கினாள், மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த மலையாளத்துப் பெண்ணிடம் என் பேத்தி என்று சொன்னேன், அப்புறம் இந்தப் பக்கம் இருந்தவளிடமும் சொன்னேன். நம் ஹிஃப்ஸா இத்தாலிப் பாஷையில் பாட்டுச் சொல்லி அந்த ஊர்ப் பிள்ளைகளையே முந்திப் பரிசு வாங்கியது இந்தக் கட்டிடத்தில் தெரியாத ஆள் இல்லை, வாட்ச்மேன் பட்டானுக்கும் சொல்லியாகிவிட்டது, மாஷா அல்லாஹ் அம்மாஜி என்றான். தன் வாப்பாவை மௌத்துக்குப் பறிகொடுத்த வருஷத்தில் அந்தப் பிள்ளை எப்படித்தான் மேடையில் வாய் திறந்து சொன்னாளோ.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் அழுகிறேன், கார்டு தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்ததும் நீயும் பிள்ளையும் இங்கே வந்துவிடுவது என்று நாங்களாக முடிவுசெய்து, காக்கா விசாவும் எடுத்து டிக்கெட்டும் போட்டு, மாஹிராவின் அறையில் இன்னொரு கட்டிலும் வாங்கிப் போட்ட பிறகு போன வெள்ளிக்கிழமை நீ, உம்மா நான் வரல, அவங்க அடங்கியிருக்கிற எடத்துலயே இருந்துக்குறேன் என்று சொன்னாய். காக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அங்க ஒனக்கு யாரு இருக்கா, பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு மலையடிவாரத்துல என்ன செய்யப் போறே என்று கத்தியதைத் தப்பாக எடுக்காதே. அன்று அவன் கடையைத் திறக்கவில்லை. ஃபாரூக் மாப்பிள்ளை அவனுக்கு மச்சான் மட்டுமா, இங்கே கராமாவில் ஒரே ரூமில் அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகக் கிடந்தவர்கள், இவரை உனக்குப் பார்த்து முடித்ததே அவன்தானே. இவர் ஷார்ஜாவில் மார்பிள் குடோனில் இருந்தவர், இத்தாலிக்குக் கல் எடுக்க அனுப்பின இடத்திலேயே வேலை கிடைத்து உன்னையும் கூட்டிக்கொண்டு போனபோது ஈசாதான் ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டான். நான்தான அனுப்பிவச்சேன் என்று இப்போது அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். போன லீவில் வந்தபோது மாப்பிள்ளை நம் லிஃப்ட் வாசலில் குந்தி உட்கார்ந்து அந்த வெள்ளைக் கல்லைக் கைக்குட்டையால் துடைத்து, மாமி இது எங்க மலைக்கல்லு என்றார். அந்தக் கல்லை மிதிக்க மனசு வராமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் வருகிறேன்.

நீ வரவில்லை என்று சொன்ன மறுநாள் மாஹிராவைக் கூப்பிட்டு அந்தப் பரிசு வாங்கின அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். தன் மாமி நீ இருக்கிற மாகாணம் என்று அவள் எடுத்துச் செய்தது உன் ஊரைத்தான். அது இங்கிலீஷ், நான் ஐந்தாவதோடு நின்றவள், அவள் படித்துப் படித்துத் தமிழில் சொல்லத்தான் நீ எங்கே இருக்கிறாய் என்பதே எனக்குப் பிடிபட்டது. மாஸா, நீ இருக்கிற கர்ராரா என்ற இரண்டு ஊரையும் சேர்த்து மாகாணத்துக்குப் பெயராம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எழுந்து நிற்கிற மலை, நடுவில் ஒடுங்கின தரையில் ஜனம். வடக்கே உள்ளே போனால் மாக்ரா என்ற ஆறும் குன்றுக்குக் குன்று கோட்டையும் இருக்கிறதாம், செஸ்நட் என்ற கொட்டையை மாவாக்கி ரொட்டி சுட்டுத்தான் அந்தப் பக்கத்து ஏழைகள் பஞ்சத்தைத் தாண்டினார்களாம். போட்டோவில் உங்களுக்குப் பின்னால் மலையில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பனி என்று நினைத்து, வருகிற போகிற ஆள் கையில் எல்லாம் உங்களுக்குக் கம்பளிச் சட்டையாகக் கொடுத்து அனுப்பினேனே, அது பனியே இல்லையாம், கல் வெட்டிச் சரித்த தூளும் துண்டுமாம், கோடையிலும் அப்படியே கிடக்குமாம். இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். ரோமாபுரி ராஜாக்கள் காலத்தில் அடிமைகளை விட்டு வெட்டி லூனி என்ற துறையில் கப்பல் ஏற்றினார்களாம், அந்தத் துறை மண்மூடிக் கடலே தள்ளிப் போய்விட்டதாம். நம் அதிராம்பட்டினத்தில் தண்ணீரைத் தொட எவ்வளவு தூரம் சேற்றில் நடக்க வேண்டும், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாறையை மரச்சறுக்கில் ஏற்றிக் கயிறு கட்டிச் சரிவில் இறக்குவார்களாம், கயிறு அறுந்தால் முன்னால் நிற்கிறவன் போனான். அந்தக் காலத்தில் ஆள் மௌத்தானால் கொம்பு ஊதுவார்களாம், அதைக் கேட்டதும் மலை முழுக்க வேலையைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்களாம். அந்த இடம் வந்ததும் மாஹிரா நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை மேல் பலகைக்கல் சரிந்த அன்று பக்கத்துப் பட்டறைகளில்கூட மிஷினை நிறுத்திவிட்டு உன் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள் என்று நீ சொன்னாயே, அது அன்று என் காதில் ஏறவில்லை. இப்போதுதான் ஏறுகிறது.

அட்டையில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தாள், மேலே இத்தாலி, கீழே கடல், அதையும் தாண்டி அரபு நாடு. இதில் மக்கா எங்கே என்று சும்மாதான் கேட்டேன். அவள் அடிக்கோலை எடுத்து ஒரு முனையை உன் ஊரிலும் மறு முனையை மக்காவிலும் வைத்தாள். அது மேற்கே போகவில்லை ஜொஹரா, கிழக்கும் தெற்குமாகச் சாய்ந்து போனது. இன்னொரு தடவை வைக்கச் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் மையத்தைக் கபரில் அடக்கிய அன்று, நம் ஆம்பளை யாரும் இல்லாத இடம், முகத்தை மேற்கே திருப்பி வைக்கச் சொல்லிவிடு என்று போனில் உனக்குச் சொன்னவள் நான்தான். பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்துத்தான் தொழுதேன், ஊரில் பள்ளிவாசலிலும் மேற்கு, கபர்க்குழியிலும் மேற்கு, துபாய்க்கு வந்தும் கிட்டத்தட்ட அதே பக்கம், மக்காவை நோக்கின கிப்லா வேறு எங்கேயாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பேச்சைக் கேட்டு அவரைக் கபாவைப் பார்க்காமல் அந்தக் கடலைப் பார்க்க வைத்துவிட்டார்களோ என்று எனக்கு அதே நினைப்பு. செவ்வாய்க்கிழமை உன்னைக் கூப்பிட்டு வேறு எதையும் பேசாமல் அதை மட்டும் கேட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய். மையத்து எடுக்க வந்த மொரோக்கோக்காரர்களில் பெரியவர் ஒருவரிடம், எங்க உம்மா மேற்கே வைக்கச் சொன்னாங்க என்று உனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாயாம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லையாம், உம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டாராம். துபாய் என்றதும், "அங்க இருக்கிற அவங்களுக்கு அந்தப் பக்கம்தாம்மா சரி. நாம இங்க நிக்கிறோம், நமக்கு இந்தப் பக்கம்" என்று தென்கிழக்கே மாஸா ஊர் இருக்கிற திசையைக் கையால் காட்டினாராம், அந்தப் பக்கம் பார்த்துத்தான் வைத்தார்களாம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு நான் போனை மாஹிராவிடம் கொடுத்துவிட்டேன். உம்மா மனசு கஷ்டப்படும் என்றுதானே இத்தனை நாள் நீ என்னிடம் சொல்லவில்லை.

அந்த மனுஷர் சொன்னதைத்தான் நான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். வந்துவிடு வந்துவிடு என்று நான் உன்னைக் கூப்பிடுவதும் இங்கே நின்றுகொண்டு கூப்பிடுவதுதான். உனக்கு அங்கே யாரும் இல்லை என்று நானும் ஈசாவைப் போலத்தான் இருந்தேன். வீட்டுக்காரி பியெரினா, இத்தாவில் நீ வெள்ளை உடுத்தியிருந்ததைப் பார்த்துப் பதறி, எங்களில் கல்யாணப் பெண்தான் வெள்ளை உடுத்துவாள், புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கருப்புதான் என்று தன் கருப்புச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினாளாமே. நீயும் வேண்டாம் என்று சொல்லாமல் வெள்ளைக்கு மேல் அதைப் போர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயாமே. மாஹிரா கடைசியில் படித்தது சண்டைக்காலத்துக் கதை. ஜெர்மன்காரன் பட்டாளம் கர்ராராவையே காலி செய்யச் சொல்லி உத்தரவு போட்டதாம், பெண்பிள்ளைகள் சந்தைத் திடலில் கூடிப் பட்டாளத்தான் வாசலுக்கே போய், போக மாட்டோம் என்று நின்றார்களாம், கடைசியில் உத்தரவு வாபஸ் ஆனதாம். அந்தக் கூட்டத்தில் தானும் சின்னப் பிள்ளையாக உம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகப் பியெரினா உனக்குச் சொன்னாள் அல்லவா. இதை ஈசாவிடம் சொன்னேன். அவங்க ஊரு, அவங்க போகல, இவ ஊரா அது என்றான். "மாப்பிள்ளையக் கொடுத்த மண்ணு, இனிமே அது அவ ஊருதாண்டா" என்றேன். எழுந்து போனான். மறுநாள் கராமாவில் டிராவல்ஸுக்குப் போய் டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டு வந்து, கலாஸ், முடிந்தது என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். கட்டிலை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ அங்கேயே இரு மகளே. சொல்லிவிட்டேனே தவிர என் மனசு இன்னும் சம்மதிக்கவில்லை, என் முட்டிக்கும் அந்த ஊர் விசாவுக்கும் நான் வந்து உன்னைப் பார்ப்பது ஆகிற காரியமும் இல்லை. ஆனாலும் இரு.

சில விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. கொலன்னாட்டா என்ற ஊரில் கல் தொட்டிக்குள் பன்றிக் கொழுப்பை உப்பிட்டு வைத்துத் தின்பார்கள் என்று மாஹிரா படித்தாள், அக்கம்பக்கத்தார் ஆசையாகக் கொண்டுவந்தால் முகம் கோணாமல் மறுத்துவிடு, பிள்ளைக்கும் சொல்லி வை. ஹிஃப்ஸா பள்ளிக்கூடத்தில் எந்தப் பாஷை பேசினாலும் வீட்டுக்குள் தமிழ் பேசட்டும், ஓதுவதை விட்டுவிட வேண்டாம். தலைவலி என்று வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. காக்கா கூப்பிட்டால் போனை எடு, அவனாகச் சண்டையைப் பேச மாட்டான், நீயும் பேசாதே. கபருக்குப் போகும்போது என் சலாத்தையும் சேர்த்துச் சொல், வியாழக்கிழமை தோறும் நான் இங்கே யாசீன் ஓதுகிறேன் என்றும் சொல். உன் கையால் நீ சம்பாதித்துச் சாப்பிடவும், பிள்ளை படித்து ஆளாகவும், பயம் உங்கள் வாசலை மிதிக்காமல் இருக்கவும் அல்லாஹ் பொறுப்பேற்றுக்கொள்வான், ஆமீன்.

நீயும் ஹிஃப்ஸாவும் சேர்ந்து நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, கம்ப்யூட்டரில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பதில் நீங்கள் மூன்று பேர் நிற்கிறீர்கள். இரண்டு பேராக நிற்பதையும் நான் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

உன் உம்மா
முத்துநாச்சியா