எண்பதாவது கட்டம்

புதன்கிழமை, இரவு.

ஓசூரில் பயிற்சியின் இரண்டாம் நாள். மின்சாரச் சந்தையின் விதிகளைப் பற்றி. ஆலைக்கு நாளை வேண்டிய மின்சாரத்தை இன்றைக்கே சொல்லிவிட வேண்டுமாம். ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்தால் தொண்ணூற்றாறு கட்டம். ஒவ்வொன்றிலும் எங்கள் ஆலையின் தேவையை எழுதச் சொன்னார்கள். எண்பதாவது கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

"ஏம்மா, ராத்திரி ஏழே முக்காலுக்கு உங்க கம்பெனிய இழுத்து மூடிடுவீங்களா?" என்று பயிற்சி நடத்தும் மேடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஏழே முக்காலிலிருந்து எட்டு வரை செல்வம் போனில் பேசும் நேரம். கல்யாணமான நான்காம் மாதமே அவரைக் குஜராத் ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும்வரை தினமும் பேசுவார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் வேறு வேலை வைத்துக்கொண்டதே இல்லை. மூன்று வாரமாக அவருக்கு இரண்டாவது ஷிப்ட்; அந்த நேரத்தில் வேலையில் இருப்பார். பேச்சு நின்றுவிட்டது. காலையில் 'சாப்டியா' என்று ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். என் கைக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடம் மெதுவாகச் சொன்னார். "காலியா விட்டா, உங்களுக்கு வேணாம்னுதாம்மா எடுத்துக்குவாங்க."

நேற்றைய மெசேஜில் செல்வம் 'நான் இல்லாம கஷ்டமா இருக்குதா' என்றும் கேட்டிருந்தார். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று உடனே பதில் போட்டேன்.

இப்போது 'இருக்குது' என்று ஒரே வார்த்தை அடித்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.