மூளைக்கு எங்கே நெறி கட்டும்?

இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறியதும் டீசல் மணம் மூக்கில் அடித்தது. கை தானாகவே இஞ்சின் பக்கத்து வாங்குப் பலகையில் என் பையை வைத்தது, உமக்கு இடம் பிடிக்க. நீர் போய் ஒரு வருடமாகிறது.

அந்த வாங்கில் இருந்தபடியே, நெடுந்தீவு வரும்வரை ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்வீர். பக்கத்தில் நான் பாடக்குறிப்பு எழுதுவேன். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே விஞ்ஞானத்தைப் படிப்பிக்கப் போகிறவர்கள் நாம் இரண்டு பேரும். நான் முழு ஆயத்தத்தோடு இறங்குவேன், நீர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குவீர். பிள்ளைகள் ஓடிவருவது உம்மிடம்தான். இப்போது சொன்னால் என்ன, எனக்கு வயிறு பற்றி எரியும்.

நிணநீர்த் தொகுதி படிப்பித்த அந்த நாள். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் நீர், இந்தப் பக்கம் என் வகுப்பு. புத்தகத்தைத் திறக்காமலே, காலில் முள்ளுக் குத்தினால் எங்கே நெறி கட்டும் என்று கேட்டீர். வகுப்பே கவட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தது. இரத்தத்திலிருந்து கசிந்து தசைக்குள் தேங்கும் நீரை வடித்து, கிருமியைச் சலித்து, திரும்ப இரத்தத்திலேயே விடுகிற வாய்க்கால்தான் நிணநீர்க்கலன். சலிக்கிற இடம் வீங்கினால் அதுதான் நெறி என்றீர். மூன்று பாடவேளை கரும்பலகை நிறைய நான் எழுதியதை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டீர்.

ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அப்ப மூளையில புண் வந்தா எங்க நெறி கட்டும்?" என்றாள்.

நீர் கொஞ்சமும் கூசவில்லை. "எனக்குத் தெரியாது பிள்ளை. பாத்துச் சொல்லுறன்."

மறுநாள் நீர் லீவு. உமது வகுப்புக்கு நான் போனேன். மூளைக்கு நிணநீர்க்கலன் இல்லை என்று பலகையில் பெரிதாக எழுதினேன். இதுகூடத் தெரியாமல் படிப்பிக்க வரக்கூடாது என்றும் சொன்னேன். நான் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்காக எழுதவில்லை, நீர் வந்து பார்க்கவேண்டும் என்றுதான் எழுதினேன்.

பார்த்தீர், அழிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துப் படகில் நித்திரை கொள்ளாமல் இருந்தீர். அதுவே எனக்குப் புதினம். மூளையை மூடிய சவ்வில் நிணநீர்க்கலன்கள் இருப்பதை இப்போது கண்டிருக்கிறார்கள், மூளையின் கழிவில் ஒரு பங்கு கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குத்தான் வடிகிறது என்றீர். நித்திரையில்தான் அந்தக் கழுவல் மும்முரமாம். படகில் தான் சும்மா கிடக்கவில்லை, மூளை கழுவிக்கொண்டிருந்ததாகச் சொல்லிச் சிரித்தீர். பிறகு குரலைத் தாழ்த்தினீர்.

"பிள்ளையளுக்கு நீரே சொல்லும். நீர்தானே எழுதினனீர்."

ஓம் என்றேன். சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, அந்த வகுப்பு சோதனை எழுதிப் போய்விட்டது.

போன வருடம் ஒரு மத்தியானம், சாய்மனைக் கதிரையில் நித்திரையோடு நித்திரையாக நீர் போய்விட்டீர். குடுத்து வைத்த மனிசி என்று செத்த வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அழுதுகொண்டே அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இன்று என் பையை நகர்த்திவிட்டு அந்த வாங்கில் வந்து இருந்தவள், அன்று கேள்வி கேட்ட அதே பிள்ளை. தீவு ஆஸ்பத்திரியில் இப்போது தாதி. அவளிடம் சொன்னேன், மூளையிலிருந்து கழுத்துக்குத்தான் வடியும், அன்று நான் எழுதியது பிழை என்று.

"தெரியும் ரீச்சர். சோதினைக்கு முதலே எங்கட ரீச்சர் சொன்னவ. நீங்கள்தான் தேடிப் பாத்து, உங்கட பிழையைத் திருத்தச் சொல்லி விட்டனீங்கள் எண்டு. அப்பிடி ஒரு ரீச்சரைக் காணேலாது எண்டும் சொன்னவ."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மைப் பிள்ளைகள் பார்க்கும் அதே பார்வை.

ஓம் என்றேன், மறுபடியும். நெடுந்தீவு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நித்திரை வரவில்லை.