ஊறவைத்த கோடாலி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. நகரி மலையே தெரியவில்லை. கடை ஷட்டர் மறுபடியும் பாதியில் நின்றது. இரும்புக் கடை வைத்துக்கொண்டு ஷட்டருக்குப் போட கிரீஸ் இல்லை. வாங்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்த மூன்று கோடாலிகளும் பிடியில் ஆடின. தலை கீழே இருக்கும்படி வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்தேன். மரம் ஊறினால் இறுகிவிடும், காய்ந்தால் பழையபடி ஆடும். என் நைனா, அப்பா, கடையைப் பார்த்த காலத்திலிருந்து செய்வதுதான்.

பதினோரு மணி வாக்கில் நகரி ரோட்டில் டிபன் கடை போடும் தேசம்மா வந்தாள். புருஷன் கோதண்டம் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர், நாலு வருஷமாகக் கட்டிலில். அவள்தான் எல்லாம்.

"அண்ணா, கட்ட பொளக்க ஒரு கோடாலி குடு. பாத்து நல்லதா குடு. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாது."

ரோடு வேலைக்காக ஒரு மாந்தோப்பை வெட்டினார்களாம். அடிக்கட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இதுவரை பிளந்த விறகுதான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

மாங்கட்டை முறுக்கும் முடிச்சும் உள்ளது. அதற்கு ஆப்பு மாதிரி தடித்த கோடாலி வேண்டும். விழுந்த வேகத்தில் கட்டையை இரண்டாக ஒதுக்கித் தள்ள வேண்டும். என்னிடம் இருந்தவை மரம் வெட்டுகிற மெல்லிய வாய்க் கோடாலி. கட்டையில் இறங்கி மாட்டிக்கொள்ளும். பிடியை ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டும். தடித்தது ரேணிகுண்டாவிலிருந்து வியாழன் லோடில் வரும்.

வாளியிலிருந்து ஒன்றைத் துடைத்துக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தாள்.

"லேசா கீதுண்ணா."

"பொம்பளைங்களுக்கு இதான்மா சரி."

"பிடி ஈரமா கீதே?"

"தொடச்சி வெச்சேன்மா."

வாங்கிக்கொண்டு போனாள். எதிரில் புதுக் கடை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் பொறு என்றால் அங்கே போயிருப்பாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நல்ல வெயில். லோடு வந்தது. ஆணி, கதவுத் தாழ்ப்பாள், பைப். தடித்த கோடாலி இரண்டு. பிடி காய்ந்த கருவேலம், அசைவே இல்லை. கையில் எடுத்ததும் தேசம்மா நினைவு. போன் நம்பர் கிடையாது. பைக்கில் போனால் பத்து நிமிஷம்.

போகவில்லை. மனைவி சுசீலாவுக்கு பி.பி. மாத்திரை வாங்க வேண்டியிருந்தது, பிறகு சாப்பாடு, பிறகு கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். நாளைக்குப் போகலாம் என்று விட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

போகவில்லை. காரணம் எழுதவும் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 7, சனி

டிபன் கடை மூடியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதாண்ணா? நேத்து கட்ட பொளக்க சொல்ல கோடாலி தல கழண்டுகினு வந்து கால்ல அட்ச்சிடுச்சி. ஏழு தையலு. வீசத் தெரியாதவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?"

டீயை முழுக்கக் குடித்தேன். சர்க்கரை அதிகம் என்றுகூடச் சொன்னேன். கோடாலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வியாழக்கிழமை போயிருந்தால்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

தேசம்மாவே ஆட்டோவில் வந்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டு. கோணியில் தலை தனி, பிடி தனி. சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டேன்.

"தப்பா நெனச்சிக்காதண்ணா. உன் பொருள நான் கெட்த்துட்டேன். கட்டையில மாட்டிக்கிச்சி, வலிச்சி வலிச்சிப் பிடுங்கினேன். அதான் கழண்டுச்சி. கொஞ்சம் மாட்டிக் குடு."

அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைப்பாளாம். பிடி நன்றாகக் காய்ந்திருக்கும்.

வீட்டில் கோதண்டம் பேசிக்கொண்டே இருக்கிறாராம். 'ஒரு கோடாலி புடிக்கத் தெரில, நீ கட நடத்துறியா? இனிமே என்னால இந்தக் கஷ்டத்தப் பாக்க முடியாது.' கடையை மூடிவிட்டு ஏர்பேட்டில் இருக்கும் தன் தம்பி வீட்டோடு போய்விடலாம் என்கிறாராம்.

"எனக்கு அங்க போக இஷ்டமில்லண்ணா. ஆனா இன்னா பேசறது? தப்பு என்மேல கீதே."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் குனிந்து பிடியின் நுனியைப் பிளந்து, இரும்பு ஆப்பு அடித்து, தரையில் நாலு தட்டுத் தட்டிக் கொடுத்தேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கடைக்குப் போகவில்லை. சுசீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பொண்ணு வந்து தம்மேலயே பழியப் போட்டுக்கினு நிக்கிது. நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"பிடிய மாட்டிக்கினு இருந்தேன்."

"வாய் இன்னா பண்ணுச்சி?"

மத்தியானம் அவளும் சாப்பிடவில்லை. நாளைக் காலை போகிறேன் என்றேன். "இன்னிக்கே போ" என்றாள். தேசம்மா முகம் பார்க்கப் பயமாக இருந்தது. நாளை.

பிப்ரவரி 11, புதன்

தடித்த கோடாலியைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனேன். டிபன் கடைக்குப் பின்னாலேயே வீடு. தேசம்மா வாசலில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். ஊறவைத்தது, அது கட்டை பிளக்கிற கோடாலியே இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது, தடித்தது வந்த பிறகும் கொண்டுவராதது, திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது.

தேசம்மா காலை ஸ்டூலிலிருந்து இறக்கினாள்.

"ஈரமா கீதேன்னு கேட்டேனே."

"ஆமா, நீ கேட்டம்மா."

"ராத்திரி பகலா என்னியே நான் திட்டிக்கினு கீறேன். என் கை சரியில்ல, எனக்கு புத்தியில்லன்னு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்கிட்ட சொன்னா போதாது. உள்ள வா. அவர்கிட்ட சொல்லு. சத்தமா சொல்லு."

கோதண்டம் கட்டிலில். அறை முழுக்கத் தைல வாசனை. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"அப்போ இவ மேல தப்பில்லியா?"

"இல்லண்ணா. யார் வீசியிருந்தாலும் கழண்டிருக்கும்."

அவர் கூரை ஓடுகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"தம்பி நேத்து வண்டி எட்த்துக்கினு வந்தான். இட்லிக் குண்டான், அண்டா, பெஞ்சி எல்லாம் ஏத்தி அனுப்சிட்டேன். எடத்துக்காரன்கிட்டயும் சொல்லிட்டேன். வேற ஒருத்தன் வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குட்த்துட்டான்."

நேற்று. சுசீலா இன்றைக்கே போ என்று சொன்ன நேற்று.

நான் இடத்துக்காரரிடம் பேசுகிறேன் என்றேன். தேசம்மா தலையாட்டினாள், வேண்டாம் என்று. பிறகு புருஷனிடம், "கேட்டுச்சா?" என்றாள். அவர் அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

கிளம்பும்போது தடித்த கோடாலியை வாசலில் சாய்த்து வைத்தேன்.

"எட்த்துக்கினு போண்ணா. அங்க கேஸ் அடுப்பு கீது. எனக்கு எதுக்கு?"

திரும்ப எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். இடத்துக்காரரிடம் போனேன். போனில் யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, 'அயிப்போயிந்தி, முடிஞ்சி போச்சி' என்று கையை விரித்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

சுசீலா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதி இரண்டு மெல்லிய கோடாலிகளின் பிடியையும் கழற்றி வெயிலில் போட்டேன். ஒரு ஆள் விறகு பிளக்கக் கோடாலி கேட்டார், தெலுங்குக்காரர். என்ன மரம், யார் பிளக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். புளியமரம், அவரே. தடித்தது ஒன்றைத் தரையில் தட்டிக் காட்டிக் கொடுத்தேன். பிடியை அடுப்போரம் வைக்காதீர்கள் என்றேன். இத்தனை கேள்வியா என்று சிரித்தார்.

கிரீஸ் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

பனி இல்லை. டீக்கடைக்குப் போனேன். பக்கத்து இடத்தில் இரண்டு பேர் கரும்பு ஜூஸ் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடைக்காரரிடம் சொன்னேன். "அந்தக் கோடாலி என் கடைதுங்க. பிடி ஆடிக்கினு இருந்துச்சி, தெரிஞ்சேதான் குட்த்தேன். அவங்களுக்கு வீசத் தெரியாம இல்ல."

"வுடுண்ணா. அவங்க போய் ரெண்டு நாளாச்சி. இப்போ யார் கேட்டாங்க?"

டீயை ஆற்றி நீட்டினார். வாங்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னேன்.