கோட்டுக்கு வெளியே பூட்ஸ்

சென்னப்பட்டணம்

அய்யனுக்கும் ஆத்தாளுக்கும் நாச்சிமுத்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். ஆத்தாளின் இடுப்புவலி தேவலையா?

லீக் பந்தாட்டத்தில் எங்கள் மில் அணிதான் முதலிடம். மழையில் தரை வழுக்குகிறதென்று மானேஜர் எனக்குப் பூட்ஸ் கொடுத்தார். நானோ பழக்கதோஷத்தில் மைதானத்துக் கோட்டுக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“கதிரடிக்கற களத்துல செருப்போட ஏறுவமுங்களா?” என்றேன்.

வெறுங்காலாலேயே இரண்டு கோல் போட்டேன். எதிரணிப் பட்டாளத்துக்காரன் மிதித்ததில் ஒரு நகம் போயிற்று, அவ்வளவுதான்.

கடைசி ஆட்டத்துக்குப் பூட்ஸ் போடாவிட்டால் மானேஜர் அணியிலிருந்து என் பெயரை அடித்துவிடுவாராம். அடிக்கட்டும்! போடமாட்டேன்.

ஆத்தா காய்ச்சிய விளக்கெண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் அந்த வாசனை இல்லை.

மில் சங்கு ஊதிவிட்டது. ஓடுகிறேன், வெறுங்காலோடுதான்.